மூன்று குருவித் தோரணம்

தோரணம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் எதற்கெல்லாம் சொல்கிறோம் என்று நினைத்தால் சிரிப்பு வரும். மழைநாளில் கூடத்தில் கயிறு கட்டிப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டால், “என்ன, வீட்டுல விசேஷமா? தோரணம் கட்டியிருக்க” என்பார் என் வீட்டுக்காரர். தேர்தல் சமயத்தில் சாலையின் குறுக்கே கட்சிக்காரர்கள் கட்டும் கொடிகளும் தோரணம். தீபாவளிக்கு முன்னால் சுங்கை பட்டாணி டவுன் கடைகளில் பளபளவென்று பிளாஸ்டிக் காகிதத்தில் விற்பதும் தோரணம். என் மாமியார் பெரிய தொங்கட்டான் போட்டுக்கொண்டு எங்காவது கிளம்பினால், காதிலும் தோரணம் கட்டியாயிற்றா என்று மாமனார் கேலி செய்வார். தொங்குவது எதுவானாலும் எங்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

ஆனால் குருத்தோலையில் மடித்த தோரணத்தை எங்கே கண்டாலும் நான் சிரிப்பதில்லை. கல்யாண வீட்டு வாசலில் கால் வைக்கும் முன் தலையைத் தூக்கிக் குருவிகளை எண்ணிவிடுவேன். “வா லா, எல்லாம் சரியாத்தான் கட்டியிருப்பாங்க” என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுப்பார். எண்ணி முடிக்காமல் என்னால் உள்ளே போக முடியாது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தென்னங்குருத்தைக் கிழித்து, ஈர்க்கை நீக்கி, மடித்து மடித்துச் செருகினால் ஓலையில் குருவிகள் உட்கார்ந்திருப்பதுபோல வரும். எங்கள் தோட்டத்து வழக்கத்தில் நல்ல காரியத்துக்கு நான்கு குருவி. தலைகள் மேலே பார்க்கும். சாவு வீட்டுக்கு மூன்று குருவி. தலைகள் கீழே தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிட்டப் போனால்தான் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தெரியும்.

என் அக்காவின் கல்யாணம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி வந்து, பிறகு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், அந்த வருடம் முழுக்க வீட்டில் இருந்ததைவிட டவுன் பெரியாஸ்பத்திரியில் இருந்ததுதான் அதிகம். தை மாதத்துக்குப் பேசி வைத்திருந்த கல்யாணத்தை முன்கூட்டியே ஆவணிக்கு இழுத்தது அப்பாதான். கட்டிலில் படுத்தபடியே அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன்.

“தாலி ஏறின பிறகு நான் போனா பரவால்ல. அதுக்கு முன்னால போயிட்டா எல்லாம் கெட்டுப்போவும். சீக்கிரம் முடிச்சிடு.”

அதில் மறைவு ஒன்றும் இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடம் நல்ல காரியம் கூடாது. ஒரு வருடம் எல்லாம் காத்திருக்க முடியாது என்று லூனாஸில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் முன்பே சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஏற்கனவே ஒரு சம்பந்தம் நிச்சயம் வரை வந்து முறிந்திருந்தது. இதுவும் நின்றால், பெண் ராசியில்லாதவள் என்று பேச்சு வந்துவிடும். அதன்பிறகு யார் வந்து கேட்பார்கள்? பெரியவர்கள் இதை என் எதிரிலேயே பேசினார்கள். ஆகவே அம்மன் சன்னதியில் நானும் தினமும் கும்பிட்டேன். கல்யாணம் முடிகிற வரைக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள் தாயே என்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அப்பா அக்காவிடம் வேறு மாதிரிப் பேசினார். மணவறையில் அழுது மூக்கைச் சிவப்பாக்கிக்கொள்ளாதே, போட்டோவில் மிளகாய்ப் பழம்போல விழும் என்றார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

கல்யாணம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில். அப்பாவுக்குப் பதிலாகத் தாரை வார்ப்பது அப்பாவின் தம்பி, என் சித்தப்பா என்று முடிவாகியிருந்தது. அவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். நெட்டையான ஆள், பேச்சு குறைவு. அந்த வருடம் அண்ணனுக்காகக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு தாடி வளர்த்திருந்தார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எங்கள் தோட்டத்தில் தோரணம் மடிக்கிற நாலைந்து பேரில் அவரும் ஒருவர். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வேறு யாரும் ஓலையைத் தொடக்கூடாது என்று சொல்லி எல்லாவற்றையும் தானே மடித்தார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கல்யாணத்துக்கு வராமல் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்தார்.

கல்யாணத்தன்று விடிகிற நேரத்தில், மண்டபத்தின் பின்பக்கம் ஓலை மடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகச் சொன்னாள் அம்மா. நான் போனபோது அவர் ஹேண்ட்போனைக் காதில் வைத்திருந்தார். “ம்” என்றார். மறுபடியும் “ம்” என்றார். “நான் பாத்துக்கறேன் மாமா, நீங்க அங்க பாருங்க” என்று சொல்லிவிட்டு, பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி ஆறிவிடும் என்றேன். “வச்சிட்டுப் போம்மா” என்றார். பிறகு மடியில் கிடந்த ஓலையை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினார். வாசல் வளைவுக்கு மட்டும்தான் பாக்கி இருந்தது.

பேசியது மாமா. அப்பா விடியும் முன்னாலேயே போய்விட்டார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். தாலி ஏறுகிற வரை யாருக்கும் தெரிய வேண்டாம், ஆஸ்பத்திரி வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா சொன்னாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று காலையில் நான் புதுப் பாவாடையின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தேன்.

மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நின்றது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் அலறியது. பூத்தட்டுடன் நாங்கள் வாசலில் நின்றோம். முதலில் இறங்கி வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. கனத்த உடம்பு, நெற்றியில் பெரிய பொட்டு, லூனாஸ் கோயிலில் எந்தக் காரியமானாலும் அவர் இல்லாமல் நடக்காது என்று சொல்வார்கள். வளைவின் கீழ் வந்தவர் தலையைத் தூக்கினார். அப்படியே நின்று, பின்னால் வந்தவர்களைத் தடுப்பதுபோல இரண்டு கைகளையும் விரித்தார்.

“யாரும் உள்ள போவாதீங்க. மாப்பிள்ளைய பஸ்ஸுலயே இருக்கச் சொல்லுங்க.”

எங்கள் பக்கத்து ஆட்களும் அப்போதுதான் மேலே பார்த்தார்கள். வளைவு நெடுக மூன்று மூன்று குருவி. எல்லாம் தலைகீழ். மடித்த ஓலைகளைக் கூடையோடு எடுத்துப்போய்க் கட்டிய பையன்கள் எதையும் கவனிக்கவில்லை. சித்தப்பாவும் கவனிக்கவில்லை. போனை வைத்த பிறகு அவருடைய விரல்கள் எந்த வீட்டுக்கு மடித்தன என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அத்தை சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இது எந்த ஊர் வழக்கம், சாவு வீட்டுத் தோரணத்தைக் கட்டி வைத்து மாப்பிள்ளையை அழைக்கிறீர்களே என்று கேட்டார். பிறகு எங்கள் ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில இருக்கிறவரு எப்படி இருக்காரு? உள்ளத சொல்லிடுங்க. ஏதாச்சும் ஆயிப்போச்சா?”

நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தப்பா வந்தார். ஓலை கிழிக்கும் சின்னக் கத்தி இன்னும் கையில் இருந்தது. வளைவைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். ஒரு விநாடி கழித்து அந்த முகத்தில் இளிப்பு ஒன்று வந்தது. அப்படி ஒரு இளிப்பை அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

“மன்னிச்சிக்குங்கம்மா, நாந்தான் கட்டுனது. ராத்திரி கொஞ்சம் கூடுதலா உள்ள போயிடுச்சி. கை தடுமாறிடுச்சி.”

பஸ் பக்கம் நின்ற வாலிபன் ஒருவன், “ஓ, சம்சு மடிச்ச தோரணம் லா இது” என்றான். சம்சு என்றால் எங்கள் பக்கத்து மலிவுச் சாராயம். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் சிரிக்கவில்லை. காவடிக்கு விரதம் இருக்கிற மனிதன் குடித்தானா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி தலையில் அடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளையின் அப்பா சித்தப்பாவுக்கு மிக அருகில் வந்து மூக்கை உறிஞ்சினார்.

“வாடையே காணோமே” என்றார்.

சித்தப்பா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அப்போதுதான் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து சேர்ந்தாள். மஞ்சள் பட்டுப் புடவை. தலை நிறைய மல்லிகை. தோரணத்தைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தட்டைப் பக்கத்தில் நின்ற தன் அக்கா, என் பெரியம்மாவிடம் கொடுத்தாள். “ஆரத்திய நீயே எடுக்கா” என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு அத்தையின் எதிரில் வந்து நின்றாள்.

“நேத்து ராத்திரி பூரா குடிதாங்க. என் கண்ணால பாத்தேன். நல்ல நாள்ல சண்ட வேணாம்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்.”

“அம்மன் சன்னதி முன்னால நின்னு சொல்றீங்க” என்றார் அத்தை.

“ஆமாங்க. சன்னதி முன்னாலதான் சொல்றேன்.”

அத்தை அவளை வெகுநேரம் பார்த்தார். ஒரு தாய் பிள்ளையின் கல்யாணத்தன்று சாமி முன்னால் நின்று பொய் சொல்லமாட்டாள் என்று தன் ஆட்களிடம் சொன்னார். ஆனால் குடிகாரன் கையால் தாரை வார்க்கக்கூடாது. பந்தலுக்குள்ளேயே வரக்கூடாது என்றார். அம்மா உடனே தலையாட்டினாள். சித்தப்பாவை எப்போதும் ‘தம்பி, நீங்க’ என்று பேசுகிறவள் அன்று எல்லார் எதிரிலும், “இத கழட்டிட்டு வெளிய போ. இந்தப் பக்கம் தல காட்டாத” என்றாள்.

சித்தப்பா ஏணி வைத்து ஏறினார். தோரணத்தை அறுத்து எறியாமல், ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, ஓலை கசங்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் அதுதான் தொங்கியது. வேறு மடிக்க அவருக்குக் கை வரவில்லையாம்.

எங்கள் வழக்கத்தில் சாவுச் செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. கேட்காதவரை இல்லை. செய்தியைக் கேட்டவர் சித்தப்பா ஒருவர்தான். கேட்ட காதோடு அக்கினி முன் நின்று அண்ணன் மகளைத் தாரை வார்க்க அவர் மனம் ஒப்பியிருக்காது. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பொய் அவரை மணவறையிலிருந்து துரத்தியது. துரத்தியதே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு அவமானம்தான். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் என்னைச் சுட்டிக்காட்டி, சம்சுக்காரன் வீட்டுப் பிள்ளை என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள். பாவாடை ஜரிகை கசங்கும் வரை கையில் முறுக்கிக்கொண்டு நின்றேன்.

பெரியம்மாவும் பெரியப்பாவும் தாரை வார்த்தார்கள். நல்ல நேரம் தவறவில்லை. தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசி வாங்கக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மாவிடம் தட்டு வந்தபோது அவள் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் கூப்பித் தூரத்திலிருந்தே கும்பிட்டாள். தொடுங்க என்று யாரோ சொன்னார்கள். கையெல்லாம் எண்ணெய் என்றாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். அவள் கையில் எண்ணெய் இல்லை.

கெட்டிமேளம் கொட்டியது. அக்கா அழவில்லை. அப்பா சொன்னதை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அட்சதை போடும்போது நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மணவறையைப் பார்க்காமல் அம்மன் சன்னதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைந்தது. மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மா சொன்ன அந்தப் பொய் பாவமா என்று பல வருடம் என் மனதில் கிடந்து அரித்திருக்கிறது. நான் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாரியும் ஒரு தாய். அன்று அவளும் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளையின் அத்தை அப்படி நினைக்கவில்லை. மறுநாள் சாவுக்கு வந்தபோது அம்மாவின் எதிரில் நின்று, “சன்னதி முன்னால சொன்னீங்களே” என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். வெகுகாலம் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அக்காவுக்கு நல்ல வாழ்க்கைதான் அமைந்தது. மூன்று பிள்ளைகள். ஆனால் கல்யாண நாள் என்று அவள் ஒருமுறையும் கேக் வெட்டியதில்லை. அன்று அவள் வீட்டில் அப்பாவுக்குப் படையல்.

பந்தி தொடங்கியது. சித்தப்பா மண்டபத்துக்கு வெளியே, லாரிகள் திரும்பும் இடத்தில் இருந்த ரம்புத்தான் மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். சாப்பிட வந்தவர்கள் அவரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே கடந்தார்கள். பழக்கமான ஒருவர் போய், நிஜமாகவே குடித்தாயா என்று காதோடு கேட்டார். சித்தப்பா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். சித்தி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா ஒரு வாழையிலையில் சோறும் சாம்பாரும் பொரியலும் போட்டு, அப்பளம் நொறுங்காமல் மேலே வைத்து, தானே எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். நான் தண்ணீர்க் குவளையோடு பின்னால் போனேன். துரத்தியவளே சோறு கொண்டுபோகிறாளே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

சித்தப்பா எழுந்து நின்றார். “அண்ணி…” என்று தொடங்கினார்.

“இப்ப ஒன்னும் சொல்லாதீங்க தம்பி” என்றாள் அம்மா. “மொதல்ல சாப்பிடுங்க. விரதக்காரரு, காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல.”

அவர் இலையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கண்ணிலிருந்து நீர் வடிந்து தாடியில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. திட்டு வாங்கிய வருத்தம் என்று நினைத்தேன். அம்மா பக்கத்திலேயே நின்று, போதுமா, ரசம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய்கூட மிச்சம் வைக்க விடவில்லை.

பிறகு அக்காவை வழியனுப்பினார்கள். அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவின் காலில் விழுந்துவிட்டு லூனாஸ் போகலாமா என்று கேட்டாள். ராகு காலம் வரப்போகிறது, முதலில் விளக்கேற்றும் வீட்டுக்குப் போ, அப்பாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அக்காவின் தலையில் சரிந்த பூவைச் செருகிவிட்டாள். பஸ் கிளம்பியது. செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய், முடுக்கில் திரும்பி மறைந்தது. அம்மா தூசி அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ரம்புத்தான் மரத்தடிக்கு வந்தாள். பட்டுப் புடவை அழுக்காகும் என்று பார்க்காமல் சித்தப்பாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்ப சொல்லுங்க தம்பி.”

காலையில் நடந்ததற்கு இப்போதுதான் சித்தப்பாவுக்குச் சரியான திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அதைப் பார்க்க எனக்கு மனமில்லை. மண்டபத்தில் மிச்சப் பலூன்களை வேறு பிள்ளைகள் எடுத்துவிடுவார்களே என்று, அவர் வாய் திறக்கும் முன்னால் ஓடிவிட்டேன்.